காயினை எக்ஸ்சேஞ்சிலேயே விடுவதா, சாவியை வீட்டில் வைப்பதா?

பிட்காயின் வாங்குவது இன்று பெரிய வித்தை இல்லை. பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் மதுரையில் வீட்டில் உட்கார்ந்தபடி காயினை வாங்கி விற்க உதவும் கம்பெனியான ஓர் எக்ஸ்சேஞ்சின் ஆப்பில் சின்னத் தொகைக்குக்கூட வாங்கிவிடலாம். வாங்கியதை எங்கே வைப்பது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் திணறுகிறார்கள். எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்கலாம், அல்லது சொந்த வாலட்டுக்கு, அதாவது சாவியைக் காக்கும் ஆப்புக்கோ கருவிக்கோ, மாற்றிக்கொண்டு சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு, சேமிப்பில் பெரும்பகுதியைச் சொந்த வாலட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

முதலில் அடிப்படை. பிட்காயின் என்பது போனுக்குள்ளோ பென் டிரைவுக்குள்ளோ இருக்கும் பொருள் இல்லை. 2009 ஜனவரியில் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் இயங்கியவர் தொடங்கிவைத்த ஒரு பொதுப் பேரேடுதான் பிட்காயினின் பிளாக்செயின். வங்கிக் கணக்கு எண் மாதிரியான எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அதைப் பார்த்து யாரும் கணக்கிடலாம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதன் நகல் இருக்கிறது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு புது பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, சேர்கிறது. ஒவ்வொரு பிளாக்கிலும் முந்தைய பிளாக்கின் ஹேஷ் (அதிலுள்ள விவரங்களிலிருந்து கணக்கிட்ட, கைரேகை மாதிரியான எண்) பதிந்திருப்பதால், பழைய கணக்கில் கை வைத்தால் அதற்குப் பின் வந்த எதுவுமே பொருந்தாது. ஒரு முகவரியில் இருப்பதை நகர்த்த, அதற்குரிய ரகசியச் சாவியால் கையெழுத்திட வேண்டும். சாவி என்பது ஒரு பெரிய எண், அவ்வளவுதான். அது யாரிடம் இருக்கிறதோ, காயின் அவர் கையில்.

எக்ஸ்சேஞ்சில் வாங்கும்போது அந்தச் சாவி நமக்கு வருவதில்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைச்சீட்டுக் கட்டுவது மாதிரிதான்: கட்டிய பணம் அட்டையில் ஏறுகிறது, நகை கடையில்தான் இருக்கிறது. கடை நன்றாக நடக்கும்வரை ஒரு குறையும் இல்லை. பாஸ்வேர்டு மறந்தால் மாற்றித் தருகிறார்கள், நினைத்த நேரத்தில் விற்று ரூபாயை வங்கிக்குக் கொண்டுவரலாம், விற்கும்போது 1% டி.டி.எஸ். பிடிப்பதையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அடிக்கடி வாங்கி விற்பவருக்கு எக்ஸ்சேஞ்சே போதும்.

ஆனால் கடை மூடினால்? டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014-ல் திவாலானது. காயின் வைத்திருந்தவர்களுக்கு அதைத் திருப்பித் தரத் தொடங்கியது 2024-ல். எஃப்.டி.எக்ஸ். என்ற இன்னோர் எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் விழுந்தது. நம் நாட்டில் 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருட்டுப் போயின, பயனர்கள் ஓராண்டுக்கு மேல் தங்கள் காயினைத் தொட முடியாமல் காத்திருந்தார்கள். அதையொட்டி வந்த ஒரு வழக்கில் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் பிட்காயின் போன்ற கிரிப்டோவைச் சொத்தாகவே ஏற்றுக்கொண்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் கோர்ட் படி ஏறித்தான் நம் காயினைக் கேட்க வேண்டும் என்றால், அது எனக்கு ஒத்துவராது.

சரி, சொந்த வாலட். மொபைல் ஆப்பாகவும் வாலட் கிடைக்கிறது, சின்னத் தொகைக்கு அது போதும். நான் வைத்திருப்பது ஹார்டுவேர் வாலட், சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள சின்னக் கருவி. சாவி அதற்குள்ளேயே உருவாகி, அதற்குள்ளேயே கையெழுத்திடுகிறது, இணையத்துக்கு வருவதில்லை. தயாரிப்பாளரிடமோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். டப்பாவுக்குள் சாவிக்கான ரகசியச் சொற்கள் ஏற்கெனவே எழுதி வந்திருந்தால் அது மோசடி, தொடவே வேண்டாம்.

அந்தச் சொற்களைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். கருவியை முதன்முதலில் இயக்கும்போது அது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் திரையில் காட்டுகிறது. 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுத்தவை அவை. சாவியை மறுபடி உருவாக்க அந்தச் சொற்கள் அதே வரிசையில் இருந்தால் போதும். கருவி உடைந்தாலும் வேறொன்று வாங்கிச் சொற்களை ஏற்றிவிடலாம். சொற்களைத் தொலைத்துவிட்டுக் கருவியும் போனால், முறையிட ஓர் ஆபீஸ்கூடக் கிடையாது. வேல்ஸ் நாட்டு நியூபோர்ட்டில் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் குப்பைக்குப் போய், ஆயிரக்கணக்கான பிட்காயின்கள் இன்றும் பேரேட்டில் அசையாமல் கிடக்கின்றன.

ஆகவே பராமரிப்பு என்றால் இந்தச் சொற்களைப் பராமரிப்பதுதான். போட்டோ எடுக்கக் கூடாது, அது தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. தாளில் எழுதினால் பூச்சி அரிக்கும், மை மங்கும். நான் ஓர் எவர்சில்வர் தகட்டில் வெட்டிவைத்தேன். பாத்திரக் கடையில் சொன்னால் சீர்வரிசைக் குடத்தில் பெயர் வெட்டுகிற மெஷினால் அழகாக வெட்டித் தருவார்கள், ஆனால் இதை இன்னொருவர் கையில் கொடுக்க முடியாதே! அதனால் சின்ன மெஷின் ஒன்றை வாங்கி நானே வெட்டினேன். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்து போதும், பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றுபோல வராது. எழுத்து கோணலாகத்தான் வந்தது, ஆனால் தீப்பிடித்தாலும் அழியாது. இரண்டு தகடு, இரண்டு இடம். எந்த இடம் என்று இங்கே எழுத மாட்டேன், நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகு என் மனைவி கேட்ட கேள்விதான் முக்கியம். "ஏங்க, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, இந்தத் தகட்டை வச்சுக்கிட்டு நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

சொந்த வாலட்டின் பலவீனம் இதுதான். எக்ஸ்சேஞ்ச் என்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு கதவைத் தட்ட ஒரு கம்பெனியாவது இருக்கிறது. வாலட்டில் வீட்டாருக்குத் தெரியாத சாவி செத்த சாவி. அதனால் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதினேன்: கருவி எது, தகடு எதற்கு, என்னென்ன வரிசையில் செய்ய வேண்டும், யார் கேட்டாலும் எதைச் சொல்லக் கூடாது. சொற்கள் அந்தக் கடிதத்தில் இல்லை. பிறகு கருவியில் இருந்ததை முழுசாக அழித்துவிட்டு, தகட்டோடு மனைவி கையில் கொடுத்தேன். தமிழ் மீடியத்தில் படித்தவர், ஆங்கிலச் சொல் தடுமாற்றம் தருமோ என்று நினைத்தேன். சில எழுத்துகளை அழுத்தியதுமே கருவி பட்டியலிலிருந்து சொல்லை எடுத்துக் காட்டிவிடுகிறது. கடைசிச் சொல்லில் சரிபார்ப்பு எண்ணும் சேர்ந்திருப்பதால், ஏதாவது ஒன்று மாறிப் போனாலும் பெரும்பாலும் கருவியே சொல்லிவிடும். பழைய முகவரி திரையில் மறுபடி வந்ததும் "இவ்வளவுதானா?" என்றார். இந்தச் சோதனையை வீட்டில் ஒருவராவது செய்து பார்க்கும்வரை பெரிய தொகையை வாலட்டுக்கு மாற்றாதீர்கள். அப்படிச் செய்யக்கூடியவர் வீட்டில் யாரும் இல்லையென்றால், எக்ஸ்சேஞ்சே உங்களுக்கு நல்லது என்பேன்.

நான் வைத்திருப்பது பிட்காயின் மட்டும். ஈத்தர் என்ற இன்னொரு காயினை அடிக்கடி பல ஆப்களோடு இணைத்துப் புழங்குபவர்களுக்கு வேறு ஆபத்துகள் உண்டு, அதில் எனக்கு அனுபவம் இல்லை. பல சாவிகள் சேர்ந்தால்தான் நகரும் மல்டிசிக் முறையையும் நான் கையாண்டதில்லை.

செலவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிட்காயின் நெட்வொர்க்கின் கட்டணம் அனுப்பும் தொகையைப் பார்ப்பதில்லை, பரிவர்த்தனைப் பதிவு எத்தனை பைட் டேட்டா என்பதையும் அந்த நேரத்து நெரிசலையும் பொறுத்தது. ஆயிரம் ரூபாயை மாற்றினாலும் லட்சத்தை மாற்றினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் மாதாமாதம் வாங்குவதை எக்ஸ்சேஞ்சிலேயே கொஞ்சம் சேரவிட்டு, மொத்தமாக மாற்றுகிறேன். சில எக்ஸ்சேஞ்சுகள் காயினை வெளியே அனுப்பக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன, கணக்குத் தொடங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வாங்கிய ரசீதுகள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, கழிக்க அனுமதிப்பது வாங்கிய விலையை மட்டும்தான். நஷ்டத்தை வேறு லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. காயின் வாலட்டுக்கு வந்துவிட்டால் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது அதற்குத் தெரியாது, எக்ஸ்சேஞ்சின் ஆப் மட்டுமே அதைக் காட்டும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வாங்கிய விவரத்தை இறக்கி, தேதியோடு தனி ஃபைலில் போட்டுவையுங்கள். வருமான வரிப் படிவம் நிரப்பும்போது ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.