பழைய பஸ்ஸுக்கு ஒயில் மாற்றுவது: வளவிலா, மெக்கானிக்கிடமா, சேர்விஸ் ஸ்டேஷனிலா?

பழைய லேலண்டையோ டாடாவையோ கோஸ்டரையோ வாங்கி, சீற்றுகளைக் கழற்றி, நடமாடும் கடையாகவோ சமையல் வண்டியாகவோ படுத்தெழும்பும் வீடாகவோ மாற்றியவர்களுக்கு வன்னியில் எஞ்சின் ஒயில் மாற்ற மூன்று வழி உண்டு. ஏ9 வீதியோரத்து சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகலாம். தெரிந்த மெக்கானிக்கை வளவுக்குக் கூப்பிடலாம். இல்லையென்றால் சாக்கை விரித்துக் கீழே படுத்துத் தாங்களே செய்யலாம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஒயில், பில்டர், கிரீஸ் மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். பிரேக், டைமிங் பெல்ட், டீசல் பம்ப் மூன்றும் மெக்கானிக்குக்கு. சேர்விஸ் ஸ்டேஷன் அடிப்பக்கம் கழுவுவதற்கு.

றூட்டில் ஓடும் பஸ்ஸுக்கு இந்த முடிவு பொருந்தாது. அது நாள் முழுக்க ஓடுகிறது. ஒயில் நன்றாகச் சூடாகி, உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போய்விடுகிறது. மாற்றியமைத்த பஸ் வாரக்கணக்கில் நிற்கும். பிறகு சந்தைவரை நாலு கிலோமீற்றர் ஓடி மறுபடியும் நிற்கும். அந்தத் தூரத்துக்குள் ஒயில் சூடேறாது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து உண்டாவதும் இந்த ஈரமும் சேர்ந்தால் ஒயிலுக்குள் அமிலம். அது பெயாரிங்குகளைத் தின்னும். ஆகவே 5,000 கிலோமீற்றர் ஓடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. வன்னிக் காலநிலைக்கு மாரி தொடங்குமுன் புரட்டாதியில் ஒன்று, மழை விட்டபின் பங்குனியில் ஒன்று என்று வைத்துக்கொள்வது வசதி.

சேர்விஸ் ஸ்டேஷன்

தண்ணீர் அழுத்தமாக அடித்து அடிப்பக்கத்துச் சேற்றைக் கழற்றுவதில் சேர்விஸ் ஸ்டேஷனை வெல்ல முடியாது. மாரிக்குப் பிறகு செசியில் ஒட்டிக் கிடக்கும் செம்மண் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வளர்க்கும். அதை வாளித் தண்ணீரால் எடுக்க ஏலாது. கழிவு ஒயிலும் அங்கேயே நின்றுவிடும், உங்களுக்குத் தலையிடி இல்லை.

ஆனால் லிப்ட் எல்லாம் காருக்கும் வானுக்கும் போட்டது. பெரிய பஸ் ஏற பிற் (கீழே இறங்கி நின்று வேலை செய்யும் குழி) உள்ள இடமாகத் தேட வேண்டும். கூரையில் சோலார் தட்டும் தண்ணீர்த் தாங்கியும் பூட்டியிருந்தால் கொட்டகைத் தகரத்துக்குக் கீழே நுழையுமா என்று உயரத்தை அளந்து பார்த்துத்தான் போக வேண்டும். அடுத்தது அழுத்தத் தண்ணீர். மாற்றியமைத்த பஸ்ஸில் தரையில் காற்றோட்டத் துவாரம், காஸ் குழாய் வெளியே வரும் ஓட்டை, வீட்டுப் பற்றரிப் பெட்டி எல்லாம் இருக்கும். எங்கே அடிக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்று காட்டாவிட்டால் உள்ளே போட்ட பிளைவூட் ஊறிவிடும். புரொபெல்லர் சாவ்ற் மூட்டுகளில் நேராக அடித்தால் கிரீஸும் கழுவுப்பட்டுப் போகும். கழுவிய கையோடு கிரீஸ் அடிப்பது அதற்குத்தான்.

“அண்ணை, ட்ரம் ஒயில் போடட்டோ, கான் ஒயில் போடட்டோ?” என்று கேட்பார்கள். ட்ரம் ஒயில் எல்லாமே கூடாதென்றில்லை. அது எந்தத் தரம் என்று உங்களால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். சீல் உடையாத கான் ஒயிலை நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள். வெறும் கானைக் கத்தியால் கீறிவிட்டு எறியுங்கள், இன்னொருவர் அதில் கண்டதை நிரப்பி விற்காமல் இருக்க. இன்னொன்றையும் கவனியுங்கள்: சம்ப் நட்டை, அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டத்தின் வடிக்கும் நட்டை, எயார் கன்னால் இறுக்க விடாதீர்கள். பழைய சம்பில் புரி உரிந்தால் லேத் பட்டறையில் பெரிய புரி வெட்டவோ புது நட் வைத்து வெல்ட் பண்ணவோ வேண்டிவரும்.

மெக்கானிக்கை வளவுக்குக் கூப்பிடுவது

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் லேலண்ட் எஞ்சினைச் சத்தத்திலேயே அறிபவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வாங்கிய பஸ்ஸுக்கு முதல் தடவை இந்த வழிதான் சரி. எந்த நட் எந்த அளவு, எங்கே ஏற்கெனவே வெல்ட் பண்ணியிருக்கு, எந்தச் சீல் கசியப் போகுது என்று அவர் ஒரு மணித்தியாலத்தில் சொல்லிவிடுவார். குறை என்னவென்றால் காலம். பெரும்போக அறுவடை நேரம் அவர் உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் கீழேதான் கிடப்பார். அந்த நேரம் உங்கள் பஸ் கடைசி வரிசை. பில்டர் வாங்கும் பொறுப்பையும் அவரிடம் விட்டுவிட்டால் கிடைத்ததைப் பூட்டுவார். பழைய பில்டரின் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். இங்கே இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுப்பித்து இரவு பஸ்ஸில் பொதியாகக் கொண்டுவரலாம். இரண்டாக வாங்கி ஒன்றைப் பஸ்ஸிலேயே வையுங்கள்.

தாங்களே செய்வது

பஸ்ஸுக்கு ஒயில் மாற்றுவதில் காரைவிட ஒரு வசதி உண்டு: ஜக் அடிக்கத் தேவையில்லை, ஊர்ந்து போக இடம் இருக்கும். மட்டமான, இறுகிய நிலத்தில் நிறுத்துங்கள். மழை பெய்த மணல் வளவு வேண்டாம். முன்னும் பின்னும் ரயருக்குக் கட்டை வையுங்கள். திறப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் போடுங்கள். வீட்டுப் பகுதிக்கு இன்வேட்டரும் காஸும் இருந்தால் இரண்டையும் மூடிவிட்டுத்தான் கீழே போக வேண்டும்.

அளவு எஞ்சினைப் பொறுத்தது. நாலு சிலின்டர் சிறிய பஸ்ஸுக்கு 8 முதல் 10 லீற்றர், ஆறு சிலின்டர் பெரிய எஞ்சினுக்கு 12 முதல் 18 லீற்றர் வரை போகலாம். கையேடு இல்லாவிட்டால் வடித்த ஒயிலை அளந்து, அதைவிட ஒன்றரை லீற்றர் குறைவாக ஊற்றி, மிச்சத்தை டிப் ஸ்டிக் பார்த்து நிரப்புங்கள். வடிக்கும் பாத்திரம் 20 லீற்றர் பிடிக்க வேண்டும். ஒயில் கானைப் படுக்கவைத்துப் பக்கத்தை வெட்டி எடுப்பவர்கள் பாதியில் நிரம்பி வழிந்து நிலத்தைப் பழுதாக்குகிறார்கள், இரண்டு கான் வையுங்கள்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஒயில் இளஞ்சூட்டில் இருந்தால் ஊத்தையும் சேர்ந்து இறங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். ரிங் ஸ்பனர் அல்லது சொக்கெற் போடுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பனர் நட்டின் மூலையைத் தேய்த்துவிடும். கடைசிப் புரிகளில் நட்டை உள்ளே அழுத்திக்கொண்டு சுற்றி, சட்டென்று பக்கத்துக்கு இழுத்தால் முழங்கை நனையாது. இருபது நிமிடம் வடியட்டும்.

அந்த நேரத்தில் நட்டிலுள்ள செப்பு வாஷரைப் பாருங்கள். ஒருமுறை இறுக்கிய செம்பு கடினமாகிவிடும். அப்படியே திரும்பப் போட்டால் அடைக்காது, கசியும். கசிகிறதென்று இன்னும் இறுக்கப் போய்த்தான் புரி உரிகிறது. புதிது இல்லாவிட்டால் பழையதைக் கம்பியில் கோத்து, காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடியும் இளகிவிடும். மெல்லிய உப்புத்தாளில் இரண்டு பக்கமும் தேய்த்துக் கரியை எடுத்துவிட்டுப் பூட்டுங்கள். ஸ்பனரின் சொந்தக் கைநீளமே போதும், பைப் கொழுவி இறுக்க வேண்டாம்.

வடிந்த ஒயில்தான் எஞ்சினின் இரத்தப் பரிசோதனை. தானே செய்வதன் பெரிய இலாபம் இதிலேதான் இருக்கிறது, சேர்விஸ் ஸ்டேஷனில் அது நேராகப் பரலுக்குள் போய்விடும். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ஹெட் காஸ்கெற், அல்லது ஒயில் கூலர். அந்த நிலையில் எஞ்சினை இயக்காதீர்கள். டீசல் மணமும் டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருப்பதும் சேர்ந்து வந்தால் இன்ஜெக்டரோ பம்ப் சீலோ ஒழுகுகிறது. விரலில் தேய்க்க மினுங்கினால் காந்தம் ஒன்றை மெல்லிய பொலித்தீனில் சுற்றி ஒயிலுக்குள் விடுங்கள். ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் மினுங்குவது பெயாரிங் அல்லது பிஸ்டன். இரண்டில் எதுவென்றாலும் அடுத்த அழைப்பு மெக்கானிக்குக்கு.

பில்டரைக் கழற்றியவுடன் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக் கிடக்க அதன்மேல் புதியதைப் பூட்டினால், ஸ்டார்ட் பண்ணிய நிமிடத்திலேயே இரண்டுக்கும் இடையால் ஒயில் முழுதும் வெளியே பாயும். புது வளையத்தில் புது ஒயில் தடவி, தொட்டபின் கையால் முக்கால் சுற்று. நேராகத் தொங்கும் பில்டரென்றால் ஒயில் நிரப்பியே பூட்டலாம். கிண்ணத்துக்குள் எலிமென்ட் வைக்கும் பழைய வகையில் அடியிலுள்ள ஸ்பிரிங்கையும் வாஷரையும் தவறவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் ஒயில் எலிமென்டுக்குள் போகாமல் பக்கத்தால் ஓடிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

நிரப்பியபின் உடனே ஸ்டார்ட் வேண்டாம். நிறுத்தும் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்துப் பத்துச் செக்கனாக ஸ்டார்ட்டரை அடித்து, ஒயில் விளக்கு அணைந்தபின் ஸ்டார்ட் பண்ணுங்கள். கேபிள் இல்லாத எஞ்சின்களில் டீசல் பம்பிலுள்ள சொலனொயிட் வயரைக் கழற்றினால் அதே வேலை நடக்கும். இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் கீழே பார்த்து, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மட்டம் பாருங்கள்.

பஸ்ஸை மாற்றியமைக்கும்போதே யோசிக்க வேண்டியது ஒன்று: இந்தப் பஸ்களில் எஞ்சின் முன்பக்கம், உள்ளிருந்து திறக்கும் மூடிக்குக் கீழே இருக்கிறது. அதன்மேல் அலுமாரியை ஆணியடித்து இருத்தியவர்களுக்கு டிப் ஸ்டிக் பார்ப்பதே பெரும்பாடு. பார்க்கக் கஷ்டமென்றால் பார்க்காமலே விட்டுவிடுவோம். அந்த அலுமாரியை நாலு போல்டில் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள்.

எந்த ஒயில்?

இங்கே குளிர் எஞ்சினைத் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே முன்னால் உள்ள 15டபிள்யூ, 20டபிள்யூ என்ற எண்ணைவிட ஒயிலின் தரத்தைக் காட்டும் ஏபிஐ எழுத்தே முக்கியம். டீசலுக்கு சி-யில் தொடங்க வேண்டும். சிஎச்-4 அல்லது சிஐ-4 தரத்தில் 15டபிள்யூ-40 எங்கள் தெரிவு: கரியைப் பிடித்து வைக்கும், அமிலத்தை அடக்கும். தேய்ந்த எஞ்சினில், சூடான பிறகு ஐட்லில் ஒயில் விளக்கு மினுங்கத் தொடங்கினால் 20டபிள்யூ-50 போடலாம், அதுவும் டீசல் தரமாக இருக்க வேண்டும். டபிள்யூ இல்லாத வெறும் 40 மலிவுதான், ஆனால் அவற்றில் பல பழைய தரம். வருடக்கணக்கில் 40 ஊற்றிய எஞ்சினை 15டபிள்யூ-40க்கு மாற்றினால் படிந்த சேறு கழன்று வந்து பில்டரை அடைக்கும். முதல் 1,000 கிலோமீற்றரிலேயே பில்டரை மாற்றுங்கள்.

காற்று, டீசல், தண்ணீர்

மல்லாவி, நெடுங்கேணிப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் கோடையில் ஓடும் பஸ்ஸுக்கு ஒயிலைவிட எயார் பில்டர்தான் உயிர். கிரவல் புழுதி சிலின்டருக்குள் போனால் ரிங் தேய்ந்து நீலப் புகை தள்ளும், அதற்கு ஒயில் மாற்றிப் பலன் இல்லை. கடதாசி பில்டரை உள்ளிருந்து வெளியே, 30 பிஎஸ்ஐக்குக் குறைவான காற்றால் ஊதுங்கள். ரயர்க் கடைக் கம்பிரசரை முழு வேகத்தில் பிடித்தால் கடதாசி கிழியும். ஊதியபின் உள்ளே டோர்ச் அடித்து ஒளி ஊசிமுனையாக எங்கும் வருகிறதா பாருங்கள். ஒயில் கிண்ணம் வைத்த பழைய வகை இந்த வீதிகளுக்கு மோசமில்லை, மண்ணெண்ணெயில் கழுவி, கோட்டுவரை எஞ்சின் ஒயில் ஊற்றினால் போதும், புதிதாக வாங்க ஒன்றுமில்லை.

நிற்கும் பஸ்ஸின் டீசல் தாங்கியை நிரப்பியே வையுங்கள். பாதி வெறுமையாக விட்டால் இரவில் ஈரம் உள்ளே வியர்த்துத் தண்ணீராகும். டீசல் பில்டரின் அடித் திருகை மாதம் ஒருமுறை திறந்து தண்ணீரை விடுங்கள். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நம் கேத்தலில் படியும் அதே சுண்ணாம்பு அங்கேயும் படியும். கூலன்ற் கலந்த வடித்த நீர்தான்.

எங்கே நிறுத்திக்கொள்வது

கியர்பொக்ஸ், டிபரன்ஷியல் ஒயில் நீங்களே மாற்றலாம். விதி ஒன்றுதான்: ஊற்றும் நட்டை முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் நட்டைத் தொட வேண்டும். வடித்தபின் மேல் நட் துருவில் பிடித்துக்கொண்டால் பஸ் அங்கேயே நிற்கும். டிபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரக் கியர் ஒயில், கியர்பொக்ஸுக்குக் கையேடு கேட்டால் ஜிஎல்-4. மாறி ஊற்றினால் பித்தளைச் சின்க்ரோ வளையங்கள் அரிபடலாம். வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓடியிருந்தால் நாட்கணக்குப் பார்க்காமல் உடனே திறந்து பாருங்கள்.

பிரேக்கை விட்டுவிடுங்கள். தண்ணீர் 200 லீற்றர் என்றாலே 200 கிலோ; அதோடு பற்றரி, குளிர்சாதனப் பெட்டி, பலகை எல்லாம் ஒருநாளும் இறங்காத பாரம். எயார் பிரேக் பஸ்ஸில் காற்றுத் தாங்கியின் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுவது உங்கள் வேலை. சூ, டயபிரம், அட்ஜஸ்ட் மெக்கானிக்கின் வேலை. கோஸ்டரின் 1எச்இசட் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் உண்டு, 100,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். எப்போது மாற்றியது என்று தெரியாத பஸ்ஸுக்கு வாங்கிய வாரமே மாற்றுங்கள். பழைய லேலண்டிலும் டாடா 697 எஞ்சினிலும் அந்த வேலையைப் பல்சக்கரங்கள் செய்கின்றன, இந்தக் கவலை இல்லை.

வடித்த ஒயிலை வேலிக் கட்டைக்குக் கறையானுக்கென்று பூசுவது ஊர்ப் பழக்கம். எரிந்த ஒயிலில் புற்றுநோய் தரும் சேர்மங்கள் இருக்கின்றன. மழையில் கழுவுண்டு அது போவது நாம் குடிக்கும் கிணற்றுக்குத்தான். மூடி இறுக்கமான கானில் சேர்த்து, அடிப்பக்கம் கழுவப் போகும் நாளில் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். அவர்களிடம் கழிவு ஒயில் எடுப்பவர்கள் வருவார்கள். கூலன்றையும் பிரேக் ஒயிலையும் அதே கானில் ஊற்ற வேண்டாம், கலந்த ஒயிலை எடுக்கமாட்டார்கள்.