பாஸ்தாவுக்கு எந்தப் பாண் கிண்ணம்? வன்னி அடுப்படிக்கு ஓர் ஒப்பீடு

பாணின் நடுவைக் குடைந்து, சாஸில் பிரட்டிய பாஸ்தாவை அதற்குள் நிரப்பி, மேலே சீஸ் தூவி, சூட்டில் வைத்து எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பிறந்தநாளுக்கோ, விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் பிள்ளைகளுக்கோ செய்து கொடுக்கலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது “என்ன சீஸ் வாங்குவது?” என்றுதான். சீஸைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாணை முடிவு செய்யுங்கள். பாண் பிழைத்தால் எவ்வளவு நல்ல சீஸ் போட்டாலும் தட்டில் இருப்பது களிதான்.

குடைந்த பாணில் சாப்பாடு போடுவது உலகத்துக்குப் பழைய பழக்கம். தென்னாபிரிக்காவின் டேர்பனில் இந்திய வம்சாவளித் தமிழர்களும் மற்றவர்களும் பாணைக் குடைந்து கறி ஊற்றிச் சாப்பிடும் ‘பன்னி சௌ’ அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. சான்பிரான்சிஸ்கோவில் புளித்த மாப் பாணுக்குள் மட்டிச் சூப் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் டொமினோஸ் 2009இல் பாஸ்தாவையே பாண் கிண்ணத்தில் வைத்து விற்கத் தொடங்கியது. டேர்பனில் குழம்பில் ஊறிய பாணைப் பிய்த்துத் தின்பதுதான் ருசி. சான்பிரான்சிஸ்கோவில் தடித்த தோல் சூப்பைத் தாங்கி நிற்க வேண்டும். பாஸ்தாவுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும்: உட்பக்கம் கொஞ்சம் சாஸ் குடிக்க வேண்டும், அடி ஒழுகக் கூடாது. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கடையில் கிடைப்பவற்றைப் பார்ப்போம்.

பணிஸ் எல்லாருடைய கண்ணிலும் முதலில் படும். வட்டமாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது, எந்தச் சந்தியிலும் கிடைக்கிறது. ஆனால் அதில் சீனியும் மாஜரினும் சேர்வதால் தோல் மெல்லியது, உள்ளே பஞ்சு. சூடான சாஸ் பட்டதும் அமுங்கிவிடும். இனிப்பு வேறு இறாலோடும் மிளகோடும் ஒத்துப்போகாது. நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அச்சுப் பாண் பரவாயில்லை. 450 கிராம் பாணைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் இரண்டு பெட்டிகள் கிடைக்கும், டேர்பன்காரர் செய்வதும் அந்த மாதிரித்தான். அடியும் பக்கங்களும் தகரத்தில் பட்டு வெந்தவை என்பதால் ஒழுங்காக நிற்கும். ஆனால் ஓர் ஆளுக்கு அரைப் பாண் என்பது மிக அதிகம். இரண்டு பேர் ஒரு பெட்டியைப் பங்கிட்டுச் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் இது சரி. றோஸ் பாண் எனக்கு மிகப் பிடித்த பாண். ஆனாலும் தட்டையாக இருப்பதால் ஆழமான கிண்ணம் ஆகாது. நீளவாட்டில் பிளந்து, மேலே பாஸ்தாவைப் பரப்பிச் சுட்டெடுக்கலாம். அது வேறு பலகாரம், ருசியான பலகாரம்.

அப்புறம் துண்டுப் பாண். ஓரத்தை வெட்டி, ஒரு போத்தலால் உருட்டித் தட்டையாக்கி, இரண்டு பக்கமும் மாஜரின் பூசி, கப் கேக் தட்டின் குழிகளில் அழுத்தி, 180 பாகையில் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பான சின்னக் கிண்ணங்கள் வரும். இரண்டு மூன்று கரண்டி பாஸ்தாதான் பிடிக்கும். முப்பது பிள்ளைகள் ஓடித் திரியும் பிறந்தநாள் வீட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது: தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் போதாது.

வீட்டிலேயே மா குழைத்துச் செய்யும் கிண்ணத்துக்கு ஆதரவாகப் பேச நிறைய இருக்கிறது. 500 கிராம் கோதுமை மா, 300 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர், 7 கிராம் ஈஸ்ட், 9 கிராம் உப்பு, கொஞ்சம் எண்ணெய். இது ஆறு கிண்ணத்துக்குப் போதும். நன்றாகக் குழைத்துப் பொங்கவிட்டு, அரை சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, கவிழ்த்து வைத்த எவர்சில்வர் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் எண்ணெய் பூசி அதன்மேல் போர்த்தி, 200 பாகையில் வேகவிட வேண்டும். வன்னி வெயிலில் மா மிக விரைவாகப் பொங்கிவிடும். ஒரு மணித்தியாலம் என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நம்பாமல் மாவைப் பார்த்து எடுங்கள். இப்படிச் செய்த கிண்ணம் ஒரு சொட்டும் ஒழுகாது. குறை என்னவென்றால் உள்ளே பஞ்சுப் பகுதியே இல்லை, எல்லாம் தோல். சாஸை அது குடிக்காது. முழுக்க முழுக்கத் தன் கையால் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு இது நல்ல வேலை, சந்தோஷமான வேலையும்கூட.

என் தெரிவு இவற்றில் எதுவும் இல்லை. விறகுப் போறணை வைத்திருக்கும் ஊர் பேக்கரியில் சொல்லிச் செய்விக்கும் உருண்டைப் பாண்தான் என் தெரிவு. பாணுக்குக் குழைத்த அதே மாவில் 150 கிராம் பாண் வருகிற அளவுக்குக் கிள்ளி உருட்டி, அச்சில் போடாமல் தட்டில் வைத்துச் சுடச் சொன்னால் போதும். “அண்ணை, நாளைக்குப் பத்து உருண்டைப் பாண் போட்டுத் தருவியளோ? சீனி வேண்டாம், தோல் கொஞ்சம் கூடச் சிவக்கட்டும்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அச்சு மறைக்காததால் சுற்றிவரச் சூடு பட்டு முழுத் தோலும் தடிக்கும். செங்கல் தளத்தின் சூடு அடியை இன்னும் இறுக்கும். கரண்ட் ஓவனில் வீட்டில் சுட்டு இந்த அடியைக் கொண்டுவருவது கஷ்டம்.

வாங்கிய அன்றே குடையக் கூடாது, ஒரு நாள் கிடக்கட்டும். பாண் ஆற ஆற அதிலுள்ள மாச்சத்து திரும்ப இறுகும், அதனால்தான் நேற்றைய பாண் விறைப்பாக இருக்கிறது. சாப்பிடக் குறையாகத் தெரியும் அந்த விறைப்புத்தான் கிண்ணத்துக்குப் பலம். மேலே மூடி மாதிரி வெட்டி எடுத்து, ஒன்றரை சென்ரிமீற்றர் சுவர் விட்டு விரலால் குடையுங்கள். கத்தி அடியில் பட்டு ஓட்டை விழுந்தால் அந்தப் பாண் வீண். உட்புறம் உள்ளிப்பூண்டு கலந்த உருக்கிய பட்டரைப் பூசி, வெறுமையாகவே ஐந்தாறு நிமிடம் சூட்டில் காயவிட வேண்டும். கொழுப்புப் படிந்து காய்ந்த பஞ்சு சாஸை மெதுவாகத்தான் குடிக்கும். குடைந்தெடுத்த பஞ்சை எறியாதீர்கள். காயவைத்துத் தூளாக்கினால் பாதி பாஸ்தாவுக்கு மேலே தூவலாம், மீதி கட்லட்டுக்கு ஆகும்.

சிவப்புச் சாஸா, வெள்ளைச் சாஸா? தட்டில் போட்டுச் சாப்பிடுவதென்றால் நான் தக்காளியின் பக்கம். பாண் கிண்ணத்துக்கு வெள்ளைதான். தக்காளிச் சாஸ் எவ்வளவு வற்றினாலும் அதிலுள்ள தண்ணீர் கழன்று பாணுக்குள் இறங்கும். வெள்ளைச் சாஸில் வெந்த மா தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 50 கிராம் பட்டர், 50 கிராம் மா, 500 மில்லிலீற்றர் பால் என்பது வழக்கமான கணக்கு. கிண்ணத்துக்குப் பாலை 400 ஆகக் குறைத்துத் தடிப்பாகக் காய்ச்சுங்கள். அது நாலு கிண்ணத்துக்குக் காணும். பக்கத்து வீட்டில் மாடு கறந்தால் அந்தப் பால், இல்லாவிட்டால் பால்மா. தேங்காய்ப்பால் ருசிதான், ஆனால் ஓவன் சூட்டில் எண்ணெய் பிரிந்து பாணில் இறங்கும். கட்டாயம் தேங்காய்ப்பால்தான் வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி கலவுங்கள்.

பாஸ்தாவில் பெரிய யோசனை தேவையில்லை. பலசரக்குக் கடையில் கிடைக்கும் வளைந்த மக்கரோனியே இந்த அளவுக் கிண்ணத்துக்குப் பொருத்தம். ஸ்பகெற்றி வேண்டாம். நாலு கிண்ணத்துக்கு 180 கிராம் போதும். பைக்கற்றில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும், மீதி வேக்காட்டைச் சாஸும் சூடும் பார்த்துக்கொள்ளும்.

உள்ளே போடுவதற்கு முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கு இறாலைத் தவிர வேறு பதில் சொல்ல மாட்டேன். நந்திக்கடல், கொக்கிளாய் என்று இறால் பிடிபடும் களப்புகள் பக்கத்தில் இருக்கின்றன. மிளகும் உப்பும் மஞ்சளும் போட்டு, நிறம் மாறத் தொடங்கியதுமே இறக்கிவிடுங்கள். முழுக்க வேகவிட்டு மறுபடி ஓவனில் வைத்தால் இறால் ரப்பர்தான். ரின் மீன் மலிவு, கெடுதல் இல்லை, தண்ணீரை நன்றாகப் பிழிந்தால் போதும். வெள்ளிக்கிழமைச் சைவக்காரருக்குப் பொரித்த கத்தரிக்காய். சிசிலியில் கத்தரிக்காயும் பாஸ்தாவும் சேர்வது பழைய வழக்கம், நம்முடைய தோட்டத்துக் கத்தரிக்கும் அது அப்படியே பொருந்தும்.

சீஸுக்கு வருவோம். மொசரல்லா இழுபடும், படத்துக்கு அழகு. பெட்டியில் வரும் பதப்படுத்திய சீஸ் இழுபடாது, ஆனால் அதில் சேர்க்கும் உப்புகளால் பிரியாமல் ஒரே சீராக உருகும். என் வழி, பதப்படுத்திய சீஸைத் துருவிச் சாஸுக்குள் கலந்துவிடுவது. கையில் மொசரல்லா இருந்தால் மேலே கொஞ்சம், இல்லாவிட்டால் மாஜரினில் பிரட்டிய பாண்தூளும் இடித்த மிளகாயும். இரண்டாவதில் மொறுமொறுப்பு அதிகம்.

ஓவன் உள்ளவர்கள் 200 பாகையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் வேலை முடிந்தது. இல்லாதவர்கள் பின்வாங்க வேண்டியதில்லை. காஸ் அடுப்பில் பெரிய சட்டி வைத்து, அடியில் மணல் பரப்பி, மேலே ஒரு வளையத்தில் தட்டை வைத்து மூடினால் சூடு ஏறும். ஆனால் மேல்பக்கம் சிவக்காது. அதற்கு மூடியாக ஒரு தகரத்தைப் போட்டு, சிரட்டைத் தணலை அதன்மேல் பரப்புங்கள். மேலும் கீழும் நெருப்பு வைத்துக் கேக் சுட்ட கைகளுக்கு இது புதிதாக இருக்காது. சின்ன மின் ஓவனைவிட இந்தத் தணல் மேல்பக்கத்தை அழகாகச் சிவக்கவைக்கும், மெல்லிய புகை வாசமும் சேரும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அடிக்கடி திறந்து பாருங்கள், சிரட்டைத் தணலின் வேகம் அதிகம்.

எடுத்ததும் பரிமாறுங்கள். நல்ல உருண்டைப் பாணும் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆட்கள் வரப் பிந்தினால் நிரப்பாமல் காத்திருப்பதுதான் புத்தி. இறால் போட்டதை அடுத்த நாளுக்கு வைக்கவும் வேண்டாம். குடையாத பாண் மிஞ்சினால் காலையில் சம்பலோடு போய்விடும்.