சாத்தாத கார் கதவு: நாமே சரிசெய்வதா, டிங்கரிங் பட்டறையா, சர்வீஸ் சென்டரா?

ஏற்காடு அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. கார் கதவு லாக்கில் இரண்டு படி உண்டு. முதல் படியில் கதவு தொங்கி நிற்கும், இரண்டாவதில்தான் முழுதாகப் பூட்டும். ஓங்கி அடித்தும் இரண்டாவது விழவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் டேஷ்போர்டில் கதவு விளக்கு மினுக்கிக்கொண்டே வந்தது. பாதி லாக்கில் மலை ஏறியது தப்பு, திரும்பியிருக்க வேண்டும். மோதினால் அந்த முதல் படி தாங்கும் என்று நம்ப முடியாது.

அதற்கப்புறம் இந்த மூன்று வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன். எதில் இறங்குவதற்கு முன்பும் ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. கதவைப் பாதி திறந்து, கைப்பிடி இருக்கும் ஓரத்தை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. ஆடவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் லாக்கிலோ, கதவு வந்து சாத்தும் தூணில் (பில்லர்) இருக்கும் யு வடிவக் கம்பியிலோ, கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கிலோதான். மெக்கானிக்குகள் அந்தக் கம்பியை ஸ்ட்ரைக்கர் என்பார்கள். அதன் மேல்பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தாலும், சாத்தும்போது கதவு லேசாக மேலே ஏறி உட்கார்ந்தாலும், கதவு இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம்.

கீல் நன்றாக இருந்தால் நாமே செய்துகொள்வதுதான் என் முதல் தேர்வு. சேலம் கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் தூசி, மேலே ஏற்காட்டில் பனி ஈரம். இரண்டும் சேர்ந்தால் லாக்குக்குள் இருக்கும் பழைய கிரீஸ் களிம்பாக இறுகிவிடும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் லாக்கின் நாக்கைத் தள்ளிப் பாருங்கள். இரண்டு 'டக்'கும் தெளிவாகக் கேட்க வேண்டும். பிறகு கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்துவிடுங்கள், மறந்து சாத்தினால் கதவு முட்டித் திரும்பும். டபிள்யூடி-40 அடித்தால் அழுக்கு கரையும், ஆனால் அது மட்டும் ரொம்ப நாள் நிற்காது. துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் வைக்க வேண்டும். பாதிக் கதவுகள் இதிலேயே சரியாகிவிடும் என்பது என் அனுபவம்.

அதிலும் ஆகவில்லை என்றால் ஸ்ட்ரைக்கரை நகர்த்தலாம். முதலில் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, இறுக்கிச் சாத்திப் பாருங்கள். உள்ளே தள்ளினால் கதவு இறுகும், வெளியே இழுத்தால் எளிதாகச் சாத்தும்.

கீல் தேய்ந்த கதவுக்கு இந்த வேலை ஆகவே ஆகாது. என் கதவுக்கு நடந்தது அதுதான். சேலத்தில் ஒரு பட்டறையில் ஸ்ட்ரைக்கரைக் கீழே இறக்கிவிட்டு, "முடிஞ்சதுங்கண்ணா" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் கதவின் அடி ஓரம், வண்டியில் ஏறும்போது தாண்டும் படிப்பகுதியில் உரசி பெயின்ட் போயிற்று, காற்றுச் சத்தமும் வந்தது. கதவு இறங்க இறங்க அதன் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரையும் இறக்கிக்கொண்டு போவது வைத்தியமே அல்ல.

நல்ல டிங்கர் முதலில் கீலைத்தான் பார்ப்பார். இரண்டாவதாகப் போன இடத்தில் கதவின் அடியில் ஜாக்கி கொடுத்து, துணி மடித்து வைத்து, கீல் பின்னைத் தட்டி எடுத்தார்கள். பின்னைச் சுற்றி உருளையாக இருக்க வேண்டிய புஷ் என்ற வளையம் ஒரு பக்கம் காகிதமாக மெலிந்திருந்தது. பின்னும் புஷ்ஷும் மாற்றியதும் கதவு தன் இடத்துக்கு ஏறியது, ஸ்ட்ரைக்கரைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். பழைய வண்டிக்குச் செலவு குறைந்த நல்ல வழி இதுதான். ஆனால் கீல் இடுக்கில் மரக்கட்டை வைத்துக் கதவை அழுத்தி வளைக்கிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். கீல் ஓரத்தில் பெயின்ட் வெடிக்கும், தகடும் கோணும்.

சர்வீஸ் சென்டரில் புஷ் மட்டும் மாற்றித் தருவது அபூர்வம். கீலையோ லாக்கையோ முழுசாகத்தான் மாற்றுவார்கள், பில் ஏறும். ஆனாலும் வாரண்டியில் இருக்கும் வண்டி, மோதி இன்சூரன்ஸில் போகும் வண்டி, இந்த இரண்டுக்கும் அங்கே போவதே சரி. பல புது வண்டிகளில் சென்ட்ரல் லாக் மோட்டாரும் கதவு விளக்கு சுவிட்சும் லாக்கோடு ஒன்றாகவே வருகின்றன. சுத்தியல் வேலை அங்கே வேண்டாம்.

பீடிங் புதிதாகப் போட்ட பிறகு கதவு இறுக்கமாக இருந்தால் எந்த வழிக்கும் அவசரப்பட வேண்டாம். ரப்பர் படியச் சில வாரம் ஆகும், அதுவரை ஸ்ட்ரைக்கரைத் தொடாதீர்கள்.