ஜென் காருக்கு வீட்டிலேயே டைமிங் பெல்ட்: மூன்று தடவை மாற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது 2001 மாடல் மாருதி ஜென். 2011இல் 61,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் வாங்கினேன், இப்போது 1,63,000 தாண்டிவிட்டது. இடையில் மூன்று தடவை டைமிங் பெல்ட்டைச் சென்னை முடிச்சூரில் எங்கள் வீட்டுப் போர்டிகோவிலேயே மாற்றியிருக்கிறேன். முதல் தடவை பெல்ட்டை மட்டும் மாற்றினேன், அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆகவில்லை. பெல்ட் எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பெல்ட்டைவிட அதைத் தொய்யாமல் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான இரண்டு ஆயில் சீலும்தான் முடிவு செய்கின்றன. இந்தப் பதிவு முக்கியமாக அதைப் பற்றியது.

ஜென்னில் இருப்பது ஜி10பி இன்ஜின். 993 சிசி, நான்கு சிலிண்டர், பிளாக்கும், அதன் மேல் வால்வுகளோடு உட்காரும் ஹெட்டும் அலுமினியம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பது இந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான். உள்ளே கண்ணாடி இழைக் கயிறு ஓடுகிறது. வேறு சில இன்ஜின்களில் இதற்குப் பதில் இருக்கும் செயின் தேய்ந்தால் கடகடவென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பெல்ட் அப்படிச் சொல்லாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்து இன்ஜின் நின்றுவிடும். வால்வும் பிஸ்டனும் மோதும் வகை இன்ஜினாக இருந்தால் அதோடு ஹெட்டையும் கழற்ற வேண்டி வரும். அதனால்தான் நன்றாக இருக்கும்போதே மாற்றச் சொல்கிறார்கள்.

2014 மே மாதம், 84,000 கிலோமீட்டரில் முதல் தடவை. பழைய ஓனர் மாற்றினாரா இல்லையா என்பதற்கு ஒரு பில்லும் இல்லை. பெல்ட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிவந்தேன். டிரைவர் பக்க முன் வீலைக் கழற்றி, ஏசி பெல்ட், ஆல்டர்னேட்டர் பெல்ட் இரண்டையும் எடுத்துவிட்டால் வேலை செய்ய இடம் கிடைத்துவிடும். கிராங்க் புல்லியைச் சின்ன போல்ட்கள்தான் பிடித்திருக்கின்றன. பெல்ட்டை மட்டும் மாற்றுவதென்றால் நடுவில் இருக்கும் பெரிய போல்ட்டைத் தொடவே வேண்டாம். வீட்டில் செய்ய இந்த இன்ஜின் இவ்வளவு வசதியாக இருக்க அது ஒரு பெரிய காரணம்.

மார்க் சேர்க்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். மேலே கேம் பல்சக்கரத்தில் இருக்கும் குறி ஹெட் கவரில் உள்ள 'வி' வடிவக் குறிக்கு நேராக வர வேண்டும். கீழே கிராங்க் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி குத்தியிருக்கும், அது ஆயில் பம்ப் கேஸில் இருக்கும் அம்புக்குறிக்கு நேராக வர வேண்டும். பக்கத்திலேயே, பல்சக்கரம் நழுவாமல் பூட்டும் இரும்புச் சாவிக்கான காடியும் (பள்ளம்) இருப்பதால் அதைக் குறி என்று நினைத்துப் பெல்ட்டைப் போட்டுவிடுவது இந்தக் குடும்ப இன்ஜின்களில் அடிக்கடி நடக்கிறது. பார்க்க வேண்டியது புள்ளியைத்தான்.

நான் புள்ளியைச் சரியாகத்தான் வைத்தேன். பிசகு வேறு இடத்தில் நடந்தது. கிராங்க் பெல்ட்டை இழுக்கும் பக்கம் தொய்வே இருக்கக் கூடாது, தொய்வு முழுவதும் டென்ஷனர் இருக்கும் பக்கம் வந்துவிட வேண்டும். நான் இழுக்கும் பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டிருந்தேன். டென்ஷனரை டைட் செய்து, கவரையும் மாட்டி, ஸ்டார்ட் செய்தால் வண்டி உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் ஐடிலிங்கில் நடுக்கம். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன், பிக்கப்பே இல்லை. மறுநாள் பிரித்தபோது கேம் ஒரு பல் தள்ளி நின்றது. டென்ஷனரை லூசாக, ஸ்பிரிங் மட்டும் இழுக்கிற நிலையில் விட்டு, 17ஆம் நம்பர் ஸ்பேனரால் கிராங்க்கைக் கையாலேயே வலஞ்சுழியாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, இரண்டு குறியும் திரும்ப நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் டென்ஷனரை டைட் செய்ய வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்கு ஒரு முழு நாள் போனது. இன்னொன்று: கையால் சுற்றும்போது எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலம் போட்டுச் சுற்ற வேண்டாம்.

அப்புறம் 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் வண்டி வீல் நடு வரை தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. பிரேக், ஆயில், வீல் பேரிங் எல்லாம் பார்த்து ஓட்ட ஆரம்பித்தேன். டைமிங் கவருக்குள் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜனவரி கடைசியில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதுவும் ஏறியது. ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன், அப்போதும் அதே சத்தம். சத்தம் உள்ளே இருந்துதான் வருகிறது என்பது உறுதியானது.

கவரைத் திறந்தால் அடியில் மாவு மாதிரி வண்டல் படிந்திருந்தது. டென்ஷனரைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். நல்ல டென்ஷனர் பேரிங் என்றால் உள்ளே கிரீஸ் இருப்பது தெரியும்படி கொஞ்சம் கனமாகச் சுற்றி நிற்கும். இது மணல் அரைபடுகிற உணர்வோடு, விட்டால் விர்ரென்று சுற்றியது. உள்ளே கிரீஸே இல்லை. பெல்ட்டின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பாகப் பளபளப்பு தெரிந்தது. தெருக்கோடியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“என்ன தம்பி, பெல்ட்ட மட்டும் மாத்தியிருக்க. சீல மாத்தலையா?”

“ஒழுகல் இல்லையேண்ணா, அதான் விட்டுட்டேன்.”

“அன்னைக்கு ஒழுகல, சரி. எத்தனை வருஷம் தாங்கும், அது ரப்பர்தானே? பெல்ட்ட எடுத்தா கண்ணு முன்னாடி நிக்குது, நூறு ரூபா சாமான்.”

கேம் சீலில் இருந்து கசிந்த ஆயில்தான் பெல்ட்டின் ஓரத்தில் ஊறியிருந்தது. ஆயில் குடித்த பெல்ட்டைத் துடைத்து மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. ரப்பர் ஊறி இளகிவிட்டால் பல் அடியோடு பெயர்ந்துவிடும். வெறும் 15,000 கிலோமீட்டர் ஓடிய பெல்ட்டை நான் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

அந்தத் தடவை எல்லாவற்றையும் மாற்றினேன்: பெல்ட், டென்ஷனர், அதன் ஸ்பிரிங், கேம் சீல், கிராங்க் சீல், வாட்டர் பம்ப், வெளி பெல்ட்கள். கிராங்க் சீலை எடுக்க நடு போல்ட்டைக் கழற்றியாக வேண்டும். கியரை ஐந்தாவதில் போட்டு, என் தம்பி பிரேக்கை அழுத்திப் பிடிக்க, ஸ்பேனர் கைப்பிடியில் நாலடி இரும்புக் குழாயைச் செருகி மிதித்தபோதுதான் அசைந்தது. பழைய சீலை நெம்பும்போது ஸ்க்ரூடிரைவர் முனை ஷாஃப்டைக் கீறிவிடக் கூடாது. ஒரு கீறல் போதும், புது சீலும் ஒழுகும். புது சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, அதே விட்டமுள்ள பிவிசி பைப் துண்டை வைத்து, நாலு பக்கமும் சமமாக இறங்கும்படி மெல்லத் தட்ட வேண்டும். இதற்கு மட்டும் நான் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

வாட்டர் பம்ப் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட் இல்லை, வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர் பெல்ட்தான். 'அப்போ அதை ஏன் மாற்ற வேண்டும்?' என்று கேட்கலாம். பம்ப் கழற்ற வேண்டுமென்றால் டைமிங் பெல்ட்டையும் டென்ஷனரையும் எடுத்தாக வேண்டும் என்பதுதான் பதில். ஆறு மாதம் கழித்துப் பம்ப் ஒழுகினால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். என் பழைய பம்ப்பின் இறக்கைகளில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. யாரோ வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் தவிர வேறு எதுவும் ஊற்றுவதில்லை.

மேனுவலில் சொல்லியிருக்கிறபடி ஹெட் கவரைத் திறந்து வால்வு அட்ஜஸ்டிங் ஸ்க்ரூக்களையும் இந்தத் தடவை லூஸ் செய்தேன். வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளாமல் இருந்தால்தான் பெல்ட்டின் டென்ஷன் சரியாக அமையும். முடிந்ததும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து எல்லா வால்வு கேப்பையும் திரும்ப வைக்க வேண்டும், ஹெட் கவருக்குப் புது பேக்கிங்கும் போட வேண்டும். வேலை இரண்டு மணி நேரம் கூடும். செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுங்கள். சாமானுக்கு மொத்தம் 4,100 ரூபாய் ஆனது. முதல் தடவை பெல்ட்டுக்கு மட்டும் 700 கொடுத்திருந்தேன்.

அப்படிப் போட்ட செட் எட்டு வருஷம் ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வரும் என்றதும் முந்தைய நாளே வண்டியை மேம்பாலத்து ஓரம் ஏற்றி நிறுத்திவிட்டேன். தண்ணீர் படவில்லை. ஆனாலும் எட்டு வருஷமாகிவிட்டதே என்று 2024 ஜனவரியில், 1,54,000 கிலோமீட்டரில், மூன்றாவது தடவை பிரித்தேன். கவருக்குள் ஒரு சொட்டு ஆயில் இல்லை. பெல்ட்டின் பல் அடியில் எங்கும் வெடிப்பு இல்லை, முதுகு மட்டும் கொஞ்சம் இறுகிப் பளபளத்தது. டென்ஷனர் இன்னும் கனமாகத்தான் சுற்றியது. இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றினேன், பம்ப்பைத் தவிர. அதன் அடியில் இருக்கும் ஓட்டையில் கசிவுக் கறை எதுவும் இல்லாததால் விட்டுவைத்தேன். அந்த முடிவு சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். செலவு 4,600 ரூபாய், நேரம் ஒன்றரை நாள்.

முதல் தடவை செய்யப் போகிறவர்கள் வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். கழற்றுவதற்கு முன் இரண்டு குறிகளையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 10ஆம் நம்பர் போல்ட்களை ஆத்திரத்தில் இறுக்காதீர்கள், அலுமினியத்தில் மரை போனால் அதுவே பெரிய வேலையாகிவிடும். போல்ட்டை அளவாக இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வாடகைக்காவது வாங்கிவிடுங்கள். போலி சாமான் நிறையப் புழங்குகிறது, பெல்ட்டையும் டென்ஷனரையும் பில் போட்டுத் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு 9,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் டைமிங் கவரின் மேல் பாதியை மட்டும் கழற்றி, டார்ச் அடித்துப் பெல்ட்டின் ஓரத்தையும் கேம் சீலின் அடியையும் பார்க்கிறேன். போன மாதம் பார்த்தபோதும் காய்ந்துதான் இருந்தது.