இரண்டு பரிசு வாள்கள்: உறை சொல்வதும் அலகு சொல்வதும்

ஞாயிற்றுக்கிழமையானால் புதுச்சேரியின் பழம்பொருள் கடைகளை மேய்வது மாமாவின் வழக்கம். போன மாதம் அலமாரி பார்க்கப் போனவர், வாள் விலை பேசிவிட்டு வந்தார். அதே வாரம் குருசுக்குப்பத்தில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) வீட்டிலும் ஒரு வாள் விலைக்கு இருப்பது தெரிந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. “எதை வாங்கலாம், நீயே வந்து பார்” என்றார்.

இரண்டுமே படை அதிகாரிக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டவை என்று சொல்லப்பட்டவை. 1754இல் கிழக்கிந்தியக் கம்பெனி கிளைவுக்கு 500 பவுண்டு மதிப்பில் வைரம் பதித்த வாள் ஒன்றைப் பரிசளிக்க, தன் மேலதிகாரியான லாரன்சுக்கும் ஒன்று கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வேன் என்றாராம் அவர். (இரண்டு வருடம் கழித்து நம் கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு வந்து உட்கார்ந்த அதே கிளைவ்தான்.) பரிசு வாளில் பாதி விலை இரும்புக்கு, மீதி பெயருக்கு. அதனால் யார், யாருக்கு, எப்போது கொடுத்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடையில் இருந்தது ஆங்கிலேய வாள். பித்தளைக் கைப்பிடியில் விக்டோரியா ராணியின் முத்திரை, பளபளக்கும் எஃகு உறை. உறையின் வாயருகே, ஒரு கேப்டனுக்கு அவருடைய சார்ஜண்டுகள் 1848இல் அன்போடு அளித்தது என்று அழகாகச் செதுக்கியிருந்தது. கூடவே லேமினேட் செய்த ‘சான்றிதழ்’ ஒன்று. மாமா அதிலேயே விழுந்துவிட்டார்.

நான் வாளை உருவி முதுகைப் பார்த்தேன். லண்டன் வாள் நிறுவனமான வில்கின்சனின் தயாரிப்பு, கைப்பிடியை ஒட்டி ஐந்து இலக்க எண். அந்த நிறுவனம் அதிகாரிகளின் வாள்களுக்கு எண் போட்டுப் பேரேட்டில் பதியத் தொடங்கியதே 1854 வாக்கில்தான், அதுவும் 5000இலிருந்து. 1848இல் பரிசளித்த வாளில் அந்த எண் எப்படி வரும்? மோசடி என்று சொல்லிவிட மாட்டேன். பழைய அலகு உடைந்து புதிது போட்டிருக்கலாம், அல்லது யாரோ இரண்டு வாள்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம். உறைக்குள் வாள் லொடலொடவென்று ஆடியது. சான்றிதழோ, உறையில் இருப்பதையே திருப்பிச் சொல்கிறது, எழுதியவர் கடைக்காரர். அதைச் சான்று என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

குருசுக்குப்பத்து வாள் பார்க்க ஏழை. பிரெஞ்சுக் காலாட்படை அதிகாரிகளின் 1882ஆம் ஆண்டு மாதிரி: நேரான ஒல்லி அலகு, நிக்கல் பூசிய நான்கு கம்பிக் கைக்காப்பு. கடற்காற்றில் அலகு பொரிந்திருந்தது. எப்போதோ யாரோ புளி போட்டுத் தேய்த்த தடமும் இருந்தது, பாவம். காப்பின் உட்புறம் ஓர் அதிகாரியின் முதலெழுத்துகள், ‘தோழர்கள்’ என்ற பிரெஞ்சுச் சொல், 1891.

ஆனால் அந்த வீட்டுத் தகரப்பெட்டியில் என்னென்ன இருந்தன தெரியுமா? அதிகாரியின் பணிக்குறிப்பு, கொடுத்தவர்கள் எழுதிய கடிதம், வாளோடு நிற்கும் ஒரு புகைப்படம், பிற்பாடு நொத்தேர் (பத்திரங்கள் எழுதிப் பதியும் பிரெஞ்சு முறை அலுவலர்) எழுதிய சொத்துப் பட்டியல். புகைப்படத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதிரி வாளை எத்தனையோ அதிகாரிகள் இடுப்பில் கட்டியிருந்தார்கள். நொத்தேர் பட்டியல்தான் விஷயம். இரண்டாவது கம்பியில் நசுங்கல், உட்புறம் எழுத்துகள் என்று அதில் குறித்திருக்கிறது. தடவிப் பார்த்தேன், நசுங்கல் அங்கேயே இருக்கிறது. லெஜியன் தொனேர் என்ற பிரெஞ்சு உயர் விருதைப் பெற்றவர்களின் கோப்புகளைப் பிரெஞ்சு அரசு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தேடினால் அதே பெயர், 1891இல் அதே பதவி. கடிதத்துக்கும் பட்டியலுக்கும் நடுவே முப்பது வருட இடைவெளி ஒன்று உண்டு. அதை நான் பொறுத்துக்கொண்டேன்.

சட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. நூறு வயது தாண்டியவை என்பதால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பாரிசிலிருக்கும் மகளுக்குக் கொடுக்கலாம் என்ற மாமாவின் கணக்கு அங்கேயே முடிந்தது.

சரி, வாங்கியது பிரெஞ்சு வாளைத்தான். புளி பக்கம் போகக் கூடாது, லேசாக எண்ணெய் மட்டும் என்று அத்தையிடமும் சொல்லியாயிற்று. ஆனால் எனக்கு அந்த 1848 உறை மேல் ஆசை விடவில்லை; அதில் செதுக்கியிருந்தது பொய்யாகத் தெரியவில்லை. உறையை மட்டும் தருவீர்களா என்று கடைக்காரரைக் கேட்டேன். ஜோடியைப் பிரிக்க மாட்டாராம்.