ஸ்டாலினுக்குப் பின்: பெரியா வென்றிருந்தால், மாலென்கோவ் நிலைத்திருந்தால்

1953 மார்ச் 5 இரவு ஸ்டாலின் இறந்தபோது அதிகாரம் மூன்று கைகளில் பிரிந்து கிடந்தது. மாலென்கோவ் பிரதமர் ஆனார். ரகசியப் போலீசும் உள்துறையும் ஒரே அமைச்சகமாகி பெரியாவிடம் போயின. குருஷ்சேவுக்குக் கிடைத்தது இறுதிச் சடங்குக் குழுவின் தலைமையும் கட்சிச் செயலகத்தில் ஓர் இடமும்தான். ஆனால் வென்றவர் அவர். ஸ்டாலினின் நெடுநாள் வெளியுறவு அமைச்சர் மொலோடோவையும் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அவருக்குப் பெயர் இருந்தது, பின்னால் நிற்க ஓர் அமைப்பு இல்லை. அதனால் அவரை விட்டுவிடுகிறேன்.

பெரியாவைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. மார்ச் 27 பொதுமன்னிப்பில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் முகாம்களிலிருந்து வெளியே வந்தார்கள். தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக ஸ்டாலின் காலத்தில் மருத்துவர்கள் மீது போட்ட பொய் வழக்கு ஏப்ரல் 4 அன்று ரத்தானது. விசாரணையில் சித்திரவதை கூடாது என்று உத்தரவு போட்டார். பாதியில் கிடந்த பெரிய கட்டுமானங்களை நிறுத்தினார். உக்ரைனிலும் லிதுவேனியாவிலும் அந்தந்த மண்ணின் ஆட்களுக்கே பதவி கொடுக்க வேண்டும் என்றார். கிழக்கு ஜெர்மனியை விட்டுக்கொடுக்கப் பார்த்தார் என்பது பிறகு அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று.

இதை வைத்து, பெரியா வென்றிருந்தால் சோவியத் நாடு கோர்பச்சேவுக்கு முப்பது ஆண்டு முன்னதாகவே திறந்திருக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தப் பொதுமன்னிப்பு ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட தண்டனைக்காரர்களுக்கானது. நீண்ட தண்டனை பெற்ற அரசியல் கைதிகள் உள்ளேயே இருந்தார்கள். மே மாதம் சைபீரியாவின் நொரில்ஸ்க் முகாம்களில் வேலைநிறுத்தம் வெடித்ததில் இந்த ஏமாற்றத்துக்கும் பங்கு உண்டு. அப்புறம், 1940இல் போலந்துக் கைதிகளைச் சுட்டுவிடலாம் என்ற பரிந்துரையில் இருப்பது பெரியாவின் கையெழுத்து. 1944இல் செச்சென், இங்குஷ் மக்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை ரயிலேற்றி நாடு கடத்தியபோது நேரில் போய் மேற்பார்வை பார்த்தவரும் அவர்தான். இவர் முகாம் கதவைத் திறப்பார், பழைய குற்றங்களின் கோப்புகளைத் திறக்க மாட்டார்.

அவர் வெல்ல என்ன நடந்திருக்க வேண்டும்? ஜூன் 26 தலைமைக் கூட்டத்துக்குள் ராணுவத் தளபதிகள் ஜுக்கோவும் மொஸ்கலென்கோவும் நுழைந்து தன்னைக் கைது செய்யப்போவது ஒரு நாள் முன்பே தெரிந்திருந்தால் போதும். அப்படித் தப்பியிருந்தாலும் ராணுவம் அவரைப் பொறுத்துக்கொண்டிருக்காது என்றே நினைக்கிறேன். எதிரிகளைக் கைது செய்துகொண்டே ஆள வேண்டியிருந்திருக்கும். பிறகு சீர்திருத்தம் எங்கிருந்து வரும்?

உண்மையில் கைநழுவிய வாய்ப்பு மாலென்கோவ்தான். அவர் சறுக்கியது மார்ச் 14 அன்று: பிரதமர் பதவியை வைத்துக்கொண்டு கட்சிச் செயலாளர் பதவியை விட்டார். அரசாங்கம்தான் பெரிது என்று நம்பிவிட்டார். செப்டம்பரில் குருஷ்சேவ் கட்சியின் முதல் செயலாளர் ஆனதும் மாவட்டம் மாவட்டமாக ஆட்களைப் போடும் அதிகாரம் அங்கே போய்விட்டது.

அந்த நாற்காலியையும் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க அவருடைய பேச்சுகளே போதும். 1953 ஆகஸ்ட் 8 அன்று விவசாயிகளின் சொந்தத் தோட்டத்துக்கான வரியைக் குறைத்து, கனரகத் தொழிலோடு துணிமணி, உணவுக்கும் பணம் ஒதுக்கப்போவதாக அறிவித்தார். மாலென்கோவ் வந்தார், அப்பம் தின்றோம் என்று கிராமங்களில் சொல்லும் அளவுக்கு அது மனதில் நின்றது. 1954 மார்ச்சில், இன்னொரு உலகப் போர் நாகரிகத்தையே அழித்துவிடும் என்றார். கட்சி அவரை அதிலிருந்து பின்வாங்க வைத்தது.

ஹங்கேரியைப் பாருங்கள். 1953 ஜூனில் மாஸ்கோ அந்நாட்டுக் கட்சித் தலைவர் ராக்கோசியைக் கண்டித்து, சீர்திருத்தம் விரும்பிய இம்ரே நாஜைப் பிரதமராக்கியது. 1955 பிப்ரவரியில் மாலென்கோவ் பிரதமர் பதவியை இழந்தார், ஏப்ரலில் நாஜும் போனார். மாலென்கோவ் இருந்திருந்தால் நாஜ் தொடர்ந்திருப்பார், 1956 கிளர்ச்சியை அடக்க புடாபெஸ்டுக்குள் சோவியத் டாங்கிகள் போக வேண்டியிருந்திருக்காது என்பது என் ஊகம். 1958இல் நாஜ் தூக்கிலிடப்பட்டதை நினைக்கும்போதெல்லாம் இந்த மாற்றுப் பாதைதான் மனதை உறுத்துகிறது.

அப்படியானால் மாலென்கோவே மேல் என்று சொல்லிவிடலாமா? முடியவில்லை. 1949-50இல் லெனின்கிராடு கட்சிக்காரர்கள் மீது போட்ட பொய் வழக்கில் வஸ்னெசென்ஸ்கி, குஸ்னெத்சோவ் போன்ற தலைவர்கள் சுடப்பட்டதில் அவருக்குப் பங்கு இருந்தது. பழைய கோப்புகளைத் திறந்தால் முதலில் மாட்டுபவர்களில் அவரும் ஒருவர். அவர் ஆட்சியில் ரொட்டி கூடியிருக்கும், ஸ்டாலினின் குற்றங்களைப் பற்றி 1956 பிப்ரவரி 25 அன்று கட்சியின் இருபதாம் மாநாட்டில் குருஷ்சேவ் ஆற்றிய உரை வந்திருக்காது.

குருஷ்சேவின் கையும் சுத்தமில்லை. ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்த 1937-38இல் மாஸ்கோவிலும் உக்ரைனிலும் அவர் கட்சித் தலைவர். அந்த உரையில் தன் பங்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. தரிசுப் புல்வெளிகளை உழுது தானியம் விதைத்த கன்னி நிலத் திட்டம், கியூபாவில் ஏவுகணை வைத்தது என்று துணிந்து இறங்கித் திண்டாடியதும் உண்டு. ஆனாலும் இருபதாம் மாநாட்டில் ஸ்டாலின் செய்தது குற்றம் என்று பெயர் சொல்லிச் சொன்னார். 1957 ஜூனில் அவரைக் கவிழ்க்கப் பார்த்துத் தோற்ற மாலென்கோவைச் சுடவில்லை. கஜகஸ்தானில் ஒரு நீர்மின் நிலையத்தை நிர்வகிக்க அனுப்பினார். 1964 அக்டோபரில் குருஷ்சேவையே இறக்கியவர்கள் ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியாவின் ஆட்சியில் இவை எதுவும் நடந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மாலென்கோவிடம் எதிரியை உயிரோடு விடும் நிதானம் வந்திருக்கலாம். குற்றத்தைப் பெயர் சொல்லும் துணிவு வந்திருக்காது.