இரண்டு பழைய கார்டா, ஒரு புது கார்டா?

இரண்டு ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டுகளை எஸ்எல்ஐ-யில் (இரண்டு கார்டுகளை இணைத்து ஓட்டும் என்விடியாவின் முறை) ஓட்டுபவர், ஒரே ஆர்டிஎக்ஸ் 3060-க்கு மாறலாமா? கேம் ஆடத்தான் என்றால் தாராளமாக மாறலாம்.

பலர் ஏமாறுவது மெமரியில்தான். 4 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 8 ஜிபி ஆகிவிடாது. ஒரே டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) இரண்டு கார்டிலும் தனித்தனியாக ஏறுவதால், கேமுக்குக் கிடைப்பது 4 ஜிபிதான். 3060-இல் 12 ஜிபி இருக்கிறது. அப்புறம், ஒரு ஃபிரேமை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றை) ஒரு கார்டும் அடுத்ததை மற்றதும் வரைவதால் இடைவெளி சீராக இருக்காது. மீட்டர் நொடிக்கு 60 ஃபிரேம் என்று காட்டும், கேமராவைத் திருப்பினால் படம் விக்கி விக்கி நகரும்.

எஸ்எல்ஐ ஆதரவு இல்லாத கேமில் இரண்டாவது கார்டு சும்மாதான் கிடக்கும். 2021 முதல் என்விடியா புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் (ஒரு கேம் எஸ்எல்ஐ-யில் ஓடத் தேவையான டிரைவர் அமைப்பு) சேர்ப்பதையும் நிறுத்திவிட்டது.

மின்சாரம்: இரண்டு 970-க்கு 290 வாட், 3060-க்கு 170.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டரிங்குக்கு (காட்சியைப் படமாக்குவதற்கு) மட்டும் எஸ்எல்ஐ தேவையில்லை, இரண்டு கார்டும் முழுசாக உழைக்கும். ஆனால் காட்சி 4 ஜிபிக்குள் அடங்க வேண்டும். சிறிய காட்சிகள் மட்டும் செய்பவர் அவசரப்பட வேண்டாம்.